ஃபேக்டோரியோ: தாது ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, பெல்ட் போடுவதா, ரயில் விடுவதா?

#1 கரித்தூள்

அனைவருக்கும் வணக்கம். சுரங்கமும் தொழிற்சாலையும் கட்டும் கணினி விளையாட்டான ஃபேக்டோரியோவின் 2.0 பதிப்பை, விரிவாக்கம் எதுவும் வாங்காமல், தனியாக விளையாடி வருகிறேன். தொடக்கத்தில் கிடைத்த இரும்புத் திட்டு ஏறக்குறைய வற்றிவிட்டது. அடுத்த பெரிய திட்டு வடகிழக்கே சரியாக 1000 கட்டங்களுக்கு அப்பால், அதாவது விளையாட்டின் கணக்குப்படி ஒரு கிலோமீட்டர் தொலைவில், இருக்கிறது. என்னிடம் சரக்கை நகர்த்தும் மஞ்சள் பெல்ட் தாராளமாக இருப்பதால் இரண்டு வரிசையாக இழுத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் திட்டுக்குப் போகும் வழியிலேயே செம்பும், சற்று விலகி நிலக்கரியும் கிடப்பதைப் பார்த்த பிறகு, ரயில் பாதை போடுவதுதான் சரியோ என்ற எண்ணம் வந்திருக்கிறது. இதுவரை ரயிலைத் தொட்டதே இல்லை. எனக்குத் தேவையானது நொடிக்கு 30 தாது மட்டுமே. இந்த அளவுக்கு ரயில் விடுவது மிகையா?

#2 மூன்றாம்தண்டவாளம்

மிகையில்லை. முதலில் இரும்புக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் ரயில் செலவு மிகுந்தது என்ற எண்ணத்தில்தான் பலரும் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஓர் இரும்புத் தகடும் ஒரு பல்சக்கரமும் சேர்ந்து இரண்டு மஞ்சள் பெல்ட்டுகள் ஆகின்றன. பல்சக்கரம் ஒன்றுக்கு இரண்டு தகடுகள் போகின்றன என்பதால் கட்டம் ஒன்றுக்கு ஒன்றரைத் தகடு ஆகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 1500 தகடுகள். தண்டவாளமோ ஒரு கல், ஓர் எஃகு, ஓர் இரும்புக் கம்பி ஆகியவற்றிலிருந்து இரண்டு துண்டுகளாகக் கிடைக்கிறது, ஒவ்வொரு துண்டும் இரண்டு கட்ட நீளம் கொண்டது. எஃகுக்கு ஐந்து தகடும் கம்பிக்கு அரைத் தகடும் போட்டால், ஒரு கிலோமீட்டர் ஒற்றைப் பாதைக்கு 1375 தகடுகளும் 250 கற்களும்தான் செலவாகின்றன. ஒரு வரிசை மஞ்சள் பெல்ட்டைவிட ஒரு தண்டவாளப் பாதை மலிவு என்பதைப் பலர் நம்புவதில்லை. நானும் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அடுத்தது, வழியில் தேங்கும் சரக்கு. பெல்ட்டின் ஒரு கட்டத்தில் எட்டுப் பொருள்கள் அடங்குகின்றன, ஆகவே ஒரு கிலோமீட்டர் பெல்ட் நிரம்பியிருந்தால் அதன் மேல் 8000 தாதுக்கள் கிடக்கும். ஒரு வேகனில் 40 இடங்கள் உள்ளன, இடத்துக்கு 50 தாது என்று 2000 கொள்ளும். ஆக, நான்கு வேகன் பூட்டிய ரயிலும் அதே 8000 தாதுக்களைத்தான் சுமக்கிறது. மஞ்சள் பெல்ட்டில் ஏறிய ஒரு தாது உங்கள் உலைக்கு வந்து சேர ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் ஆகும். ரயில், முடுக்கத்தையும் நிறுத்தத்தையும் சேர்த்தே, ஒரு நிமிட அளவில் வந்துவிடும்.

#3 பெல்ட்டுக்கட்சி

மூன்றாம்தண்டவாளம் அவர்கள் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஓர் எஞ்சினுக்கு 30 எஃகு, 20 என்ஜின் யூனிட், 10 பச்சைச் சர்க்யூட் வேண்டும். இவற்றை இரும்பாக மாற்றினால் 340 தகடுகள். வேகன் ஒன்றுக்கு 140 தகடுகள் என்றால் நான்கு வேகனோடு ஒரு ரயில் 900 தகடுகளை விழுங்குகிறது. போக வர இரட்டைப் பாதை, இரண்டு ரயில்கள், இரு முனையிலும் வேகனுக்கு ஆறாக 24 எஃகுப் பெட்டிகள் என்று எல்லாவற்றையும் கூட்டுங்கள். பெட்டி ஒன்றுக்கு எட்டு எஃகு, அதாவது 40 தகடுகள் என்ற வகையில், பெட்டிகளுக்கு மட்டுமே 1920 தகடுகள் போகின்றன. மொத்தம் 6470 தகடுகள். இரண்டு வரிசை பெல்ட்டுக்கு 3000. பொருளை எடுத்து வைக்கும் இயந்திரக் கையான இன்செர்ட்டரையும் சிக்னலையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இரும்பைக்கூட விட்டுவிடலாம். பெல்ட்டில் எதுவும் முட்டி நிற்பதில்லை என்பதுதான் என் முதன்மையான வாதம். போட்டுவிட்டு மறந்துவிடலாம். ரயில் விட்டவர் யாராவது அதை மறந்து நிம்மதியாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

#4 மூன்றாம்தண்டவாளம்

கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பர் செம்பையும் நிலக்கரியையும் பற்றிக் கேட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது சரக்கு வரும்போது பெல்ட்டுக்காரர் மறுபடியும் ஒரு கிலோமீட்டர் இழுக்க வேண்டும். ரயில்காரர் ஒரு கிளைப் பாதையும் ஒரு நிலையமும் கட்டினால் போதும். நொடிக்கு 30 என்பது 90 ஆகும்போதும் இதே நிலைதான். அப்போது இன்னும் வேகமான சிவப்பு பெல்ட்டுக்குப் போகலாம் என்பீர்கள். சிவப்பு பெல்ட் கட்டம் ஒன்றுக்கு 11.5 தகடுகளைக் கேட்கிறது.

கரித்தூள் அவர்களுக்கு ஒரு சொல். ரயிலின் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நிலக்கரியிலேயே மணிக்கு 259 கிலோமீட்டர் வரை ஓடும். நேரம் முழுவதும் ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான் கரைகிறது. வேகனின் ஒரு பக்கத்தில் ஆறு இன்செர்ட்டர்கள் நிற்க முடியும். சாதாரண மஞ்சள் இன்செர்ட்டர் நொடிக்கு 0.83 பொருளைத்தான் நகர்த்தும் என்பதால், ஆறும் சேர்ந்து ஒரு வேகனைக் காலி செய்ய 400 நொடிகள் எடுத்துக்கொள்ளும். நீல நிற வேக இன்செர்ட்டர் வைத்தால் அது 144 நொடிகளாகக் குறையும். ஒரே முறையில் பல பொருள்களை எடுக்கும் பல்க் இன்செர்ட்டர் வைத்து, அதன் கொள்ளளவு ஆராய்ச்சியை முழுவதும் முடித்து, வேகனிலிருந்து நேரே பெட்டிக்கு இறக்கினால் சுமார் 12 நொடிகளில் வேலை முடிந்துவிடும். உங்கள் தேவைக்கு 267 நொடிகளுக்கு ஒரு முறை ஒரு ரயில் வந்தால் போதும். ஆகவே வேக இன்செர்ட்டரோடு இரண்டு ரயில்கள் விடுங்கள், பெட்டிகளை இடையில் வையுங்கள். ரயில் இல்லாத நேரத்திலும் உலைகள் பட்டினி கிடக்காது.

#5 கரித்தூள்

இருவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், ரயில் கட்டிவிட்டேன். வெட்கத்தோடு ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் இரட்டைப் பாதையில் ரயில்கள் இடப்பக்கமாகவே போவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், யோசிக்காமலே இடப்பக்கப் பாதையாகக் கட்டி, சிக்னல்களைப் பாதையின் வெளி ஓரத்தில் நட்டுவிட்டேன். ரயில் அசையவே இல்லை, வழியில்லை என்ற குறி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. இந்த விளையாட்டில் ரயில் தன் போக்குக்கு வலப்பக்கம் இருக்கும் சிக்னலைத்தான் தனக்குரியதாக எடுத்துக்கொள்கிறது என்பதும், இடப்பக்கம் மட்டும் சிக்னல் இருந்தால் அந்தப் பாதையே எதிர்த்திசைக்கு உரியதாகிவிடுகிறது என்பதும் ஒரு மாலைப் பொழுதை இழந்த பிறகுதான் புரிந்தன. இடப்பக்க ஓட்டத்தை விட மனமில்லாமல், ஒரு பாதையை இரண்டு கட்டம் தள்ளிப் போட்டு, சிக்னல்களை இரண்டு பாதைகளுக்கும் நடுவில் நட்டேன்.

இப்போது வேறொரு சிக்கல். இரும்புக்கு இரண்டு, செம்புக்கு இரண்டு, நிலக்கரிக்கு ஒன்று என ஐந்து ரயில்கள் ஓடுகின்றன. செம்புக் கிளை பிரியும் சந்திப்பில் நேற்று மூன்று ரயில்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றுவிட்டன. எல்லா வாயிலிலும் சாதாரண ரயில் சிக்னல் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் மற்றதற்காகக் காத்திருக்கிறது. நானே ஏறி ஓட்டி விலக்கினேன், அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே நிலை.

#6 பெல்ட்டுக்கட்சி

நான் எதுவும் சொல்லவில்லை.

#7 அவுட்டர்சிக்னல்

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். கரித்தூள் அவர்களின் சந்திப்பில் நடப்பதை விளக்க நம் அனைவருக்கும் பழகிய ஒரு காட்சி உதவும். பெரிய ஜங்ஷன் வருவதற்குச் சற்று முன்னால், வெட்டவெளியில், வண்டி "அவுட்டரில்" நின்றுவிடும். பயணிகள் எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சலித்துக்கொள்வார்கள். பயணிக்கு அது எரிச்சல்தான். ஆனால் உள்ளே இடம் உறுதியாகாத வண்டியைச் சந்திப்புக்குள் விட்டுவிட்டால் அது மற்ற எல்லா வண்டிகளின் குறுக்கேயும் நின்றுவிடும், ஆகவே வெளியே நிறுத்துவதுதான் முறை. உங்கள் சந்திப்புக்கு அப்படி ஓர் அவுட்டர் இல்லை.

சாதாரண ரயில் சிக்னல் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கும்: எனக்கு அடுத்த பிளாக், அதாவது அடுத்த சிக்னல் வரையிலான பாதைத் துண்டு, காலியாக இருக்கிறதா? சந்திப்பின் நடுப்பகுதி காலியாக இருந்தால் பச்சை காட்டி ரயிலை உள்ளே விட்டுவிடும், அந்த ரயில் வெளியேற வேண்டிய பாதையில் வேறொன்று நிற்கிறதா என்று அது பார்ப்பதில்லை. உள்ளே வந்த ரயில் வெளியேற முடியாமல் நடுவில் நிற்க, அதன் வாலில் மற்றொன்று, அதன் வாலில் இன்னொன்று என்று முடிச்சு விழுகிறது. செயின் சிக்னல் கேட்கும் கேள்வி வேறு. தனக்கு அடுத்த சிக்னல் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்து, ரயில் போகவிருக்கும் வழி முழுவதும், அடுத்த சாதாரண சிக்னலைத் தாண்டும் வரை, திறந்திருந்தால்தான் உள்ளே விடும். சில வழிகள் திறந்தும் சில அடைந்தும் இருந்தால் அது நீல நிறம் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

எனவே சந்திப்புக்குள் நுழையும் ஒவ்வொரு வாயிலிலும், உள்ளே பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடங்களிலும், செயின் சிக்னல் வையுங்கள். வெளியேறும் வாயிலில் மட்டும் சாதாரண சிக்னல் இருக்கட்டும். இதைப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதும் அடிக்கடி விட்டுப்போவதுமான இரண்டாம் பாதி ஒன்று உண்டு: வெளியேறும் சிக்னலுக்கு அப்பால் உள்ள முதல் பிளாக்கில் உங்கள் ரயில் முழுவதும் அடங்க வேண்டும். வண்டி ஒன்று ஆறு கட்டம், இடைவெளி ஒரு கட்டம் என்ற கணக்கில், ஓர் எஞ்சினும் நான்கு வேகனும் 34 கட்டங்கள். பிளாக் 20 கட்டம்தான் என்றால், செயின் சிக்னல் நேர்மையாக வழிவிட்டும், ரயிலின் பின்பாதி சந்திப்புக்குள்ளேயே நின்றுவிடும். கூடவே ஒரு சந்திப்பின் வெளிவாயிலும் அடுத்த சந்திப்பின் உள்வாயிலும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். இடையில் 34 கட்டம் இல்லாவிட்டால் அந்த இரண்டையும் ஒரே சந்திப்பாக எண்ணி, இடையிலும் செயின் சிக்னலையே வைக்க வேண்டும்.

#8 கரித்தூள்

நீங்கள் சொன்னதுதான் காரணம். செம்புக் கிளையின் வெளிவாயிலுக்கு அப்பால் 18 கட்டத்தில் அடுத்த சிக்னலை நட்டிருந்தேன். அதைப் பிடுங்கித் தள்ளி வைத்து, உள்வாயில்களைச் செயினாக மாற்றினேன். நான்கு மணி நேரம் ஓடிவிட்டது, முடிச்சு விழவில்லை. சந்திப்புக்குப் பதிலாக வட்டச் சுற்றுப் பாதை போட்டால் இன்னும் எளிதாக இருக்குமா என்றும் கேட்க வேண்டும். ரயில் திரும்பி வரவும் அது வசதியாக இருக்கிறதே.

#9 மூன்றாம்தண்டவாளம்

வட்டம் கட்டுவதற்கு எளிது, சிறு வலையமைப்புக்குக் கேடு செய்யாது. ஆனால் எல்லாத் திசை ரயில்களும் ஒரே வளையத்தைப் பங்கிடுகின்றன. இடப்பக்கமாக ஓட்டும் உங்கள் அமைப்பில் வலப்புறம் திரும்ப வேண்டிய ரயில் வளையத்தில் முக்கால் பங்கைச் சுற்றியே வெளியேறும், அதுவரை மற்றவை வெளியே நிற்கும். ஐந்து ரயிலுக்குப் பரவாயில்லை. ஐம்பதுக்குப் போகும்போது நீங்களே இடித்துவிடுவீர்கள்.

#10 அவுட்டர்சிக்னல்

எனக்கு வட்டத்தின் மீது இதைவிடக் கூடுதலான வெறுப்பு உண்டு. வழி அடைபட்ட ரயில் மாற்று வழி தேடும்போது, வட்டம் இருக்கும் இடத்தில் எல்லாம் அது ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியே திரும்பிப் போகலாம் என்று முடிவெடுக்கக்கூடும். திரும்பும் வசதி வேண்டுமென்றால் அதை முனைய நிலையங்களில் மட்டும் கொடுங்கள். விரிவாக்கம் வாங்கியிருந்தால் உயர்மட்டப் பாதை போட்டு ஒரு திசையை மற்றொன்றின் மேலே ஏற்றிவிடலாம், சந்திப்புச் சண்டையில் பாதி அதோடு தீரும். உங்களிடம் அது இல்லை என்பதால் விட்டுவிடுவோம்.

#11 கரித்தூள்

மீண்டும் வருகிறேன். இரண்டாவது இரும்புச் சுரங்கம் திறந்து, இரண்டு ஏற்று நிலையங்களுக்கும் ஒரே பெயர் வைத்தேன், ரயில்கள் தாமாகப் பிரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கையில். எல்லா ரயிலும் அருகில் இருக்கும் பழைய சுரங்கத்துக்கே போய் வரிசை கட்டி நிற்கின்றன. அங்கே தாது குறைவு, ஒவ்வொன்றும் நிரம்பப் பத்து நிமிடம் ஆகிறது. புதிய சுரங்கத்தின் பெட்டிகளோ நிரம்பி வழிகின்றன. இந்த வரிசையின் வால் முதன்மைப் பாதை வரை நீண்டு, செம்பு ரயிலையும் மறித்துவிட்டது.

#12 மூன்றாம்தண்டவாளம்

நிலையத்தின் ரயில் வரம்பை அமைக்காமல் விட்டிருக்கிறீர்கள். 1.1 பதிப்பில் வந்த இந்த ஒரே வசதி, அதற்கு முன் நாங்கள் கம்பி இழுத்து நிலையத்தைத் திறந்து மூடிச் செய்துகொண்டிருந்த பல வித்தைகளைத் தேவையற்றதாக்கிவிட்டது. வரம்பு 1 என்றால், நிலையத்தில் நிற்பதையும் அதை நோக்கி வந்துகொண்டிருப்பதையும் சேர்த்து ஒரு ரயிலுக்குத்தான் இடம். அடுத்த ரயில் அதே பெயருள்ள மற்ற நிலையத்தைத் தேடும்.

வரம்பை நீங்கள் கையால் எழுதி வைப்பதைவிடப் பெட்டிகளையே சொல்லவிடலாம். ஏற்று நிலையத்தின் 24 பெட்டிகளையும் சர்க்யூட் வயரால் இணைத்து, மொத்தத் தாதுவை, கணக்குப் போடும் கருவியான ஓர் அரித்மெட்டிக் காம்பினேட்டரில் 8000 ஆல் வகுத்து, விடையை நிலையத்தின் வரம்பாகக் கொடுங்கள். வகுத்தலில் பின்னம் விழுந்துவிடும் என்பதால், ஒரு ரயிலுக்குப் போதுமான தாது சேராத வரை வரம்பு சுழியமாகவே இருக்கும், எந்த ரயிலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. தாது சேர்ந்த பிறகு வரும் ரயில் காத்திராமல் நிரம்பிப் போகும். ஓர் எச்சரிக்கை: 24 எஃகுப் பெட்டிகள் 57,600 தாது கொள்ளும், அப்போது விடை 7 ஆகிவிடும், ஏழு ரயில்கள் ஒரே நேரத்தில் கிளம்பி வந்துவிடும். ஆகவே, காத்திருக்க எத்தனை தடம் கட்டியிருக்கிறீர்களோ அதற்கு மேல் போகாதபடி விடையை மட்டுப்படுத்துங்கள். இன்னொன்று: மொத்தம் 8000 இருந்தும் ஒரு வேகனுக்குரிய பெட்டிகள் மட்டும் வெறுமையாக இருக்கலாம், எனவே சுரங்கத்திலிருந்து வரும் பெல்ட்டை நான்கு வேகனுக்கும் சமமாகப் பிரித்துவிடுங்கள்.

#13 அவுட்டர்சிக்னல்

இதோடு ஒரு கேள்வியைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் வரம்பு போட்டவர்கள் பலரும் அடுத்த வாரமே வந்து கேட்பது அதுதான். இரண்டு ஏற்று நிலையங்களிலும் இடமில்லை என்றால், சரக்கை இறக்கி முடித்த வெற்று ரயில் எங்கே நிற்கும்? அது இறக்கு நிலையத்திலேயே நிற்கும். நின்றால், பின்னால் நிரம்பி வந்த ரயில் இறக்க முடியாது. இறக்க முடியாததால் ஏற்று நிலையத்தில் நிரம்பிய ரயிலும் கிளம்ப முடியாது. சிக்னல் எல்லாம் சரியாக இருந்தும் அமைப்பு முழுவதும் உறைந்துவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி எண்ணிக்கைதான்: ஒரு சரக்குக்குரிய ஏற்று, இறக்கு நிலையங்களின் வரம்புகளைக் கூட்டுங்கள், ரயில்களின் எண்ணிக்கை அந்தக் கூட்டலுக்குக் குறைந்தது ஒன்றாவது குறைவாக இருக்கட்டும். இடம் ஒன்று எப்போதும் காலியாக இருந்தால்தான் மற்றவை நகர முடியும், பதினைந்து கட்டை விளையாட்டில் ஒரு கட்டம் வெறுமையாக இருப்பதைப் போல.

வரம்பைத் தாது அளவே மாற்றிக்கொண்டிருக்கும்போது இந்தக் கூட்டல் நிலையாக நிற்காது. அதற்கு, நிபந்தனை நிறைவேறும்போது ரயிலின் வழக்கமான அட்டவணைக்கு இடையே வேறு நிறுத்தத்தைப் புகுத்தும் 2.0 பதிப்பின் குறுக்கீட்டு வசதி உதவும். "செல்லும் இடத்தில் இடமில்லை" என்ற நிபந்தனையில் ரயிலை ஓர் ஓய்வுக் கொட்டகைக்கு அனுப்பும்படி ஒரு குறுக்கீட்டை எழுதிவிட்டால், வெற்று ரயில் இறக்கு மேடையை விட்டு விலகி அங்கே போய் நிற்கும்.

#14 செம்புத்தகடு

குறுக்கீடு என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன்: 2024 அக்டோபர் 21 அன்று 2.0 வெளிவந்த பிறகும் ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி ரயில் ஒதுக்குவது பழைய பழக்கம். நான் எல்லா ரயிலையும் ஒரே அட்டவணையைப் பகிரும் ஒரே குழுவாக வைத்திருக்கிறேன். ஏற்று நிலையங்களுக்கு எல்லாம் ஒரே பெயர். ரயிலில் எந்தச் சரக்கு ஏறியிருக்கிறதோ அந்தச் சரக்கின் படம் பெயரில் உள்ள இறக்கு நிலையத்துக்குப் போ என்று, எந்தப் பொருளுக்கும் பொருந்தும் குறியீட்டை வைத்து, ஒரே ஒரு குறுக்கீடு எழுதினால் போதும். புதிய சரக்கு வந்தால் இரண்டு நிலையங்களைக் கட்டுகிறேன், ரயில் அட்டவணையைத் தொடுவதே இல்லை. நிலையத்தின் முன்னுரிமையை 0 முதல் 255 வரை அமைக்கலாம் என்பதால், எது முதலில் நிரம்ப வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்கிறேன்.

#15 மூன்றாம்தண்டவாளம்

இந்த முறையின் அழகை மறுக்கவில்லை. ஆனால் இது எங்கே உடைகிறது என்பதைச் சொல்லாமல் புதியவருக்குப் பரிந்துரைப்பது சரியன்று. உங்கள் செம்பு உலைகள் நிரம்பி, செம்பு யாருக்கும் தேவைப்படாத ஒரு நேரத்தைக் கற்பனை செய்யுங்கள். செம்பு ஏற்று நிலையம் அப்போதும் ரயிலை அழைத்துக்கொண்டிருக்கும். வெற்று ரயில்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் செம்பை நிரப்பிக்கொண்டு இறக்க இடமில்லாமல் கொட்டகையில் குந்திவிடும். ஒரு மணி நேரத்தில் உங்கள் இருபது ரயிலும் செம்பைச் சுமந்துகொண்டு நிற்க, இரும்பு உலை அணைந்துவிடும். சரக்குக்கு ஒரு குழு என்று பிரித்து வைத்தால், செம்பு ரயில் நான்கு சும்மா நிற்கும், அவ்வளவுதான், இரும்பு பாதிக்கப்படாது.

#16 செம்புத்தகடு

எனக்கு அது நேர்ந்திருக்கிறது, ஒளிப்பதற்கில்லை. அதற்கு மருந்தும் உண்டு: எல்லா ஏற்று நிலையங்களின் வரம்புகளையும் கூட்டினால் வருவதோடு, நிரம்பிக் காத்திருக்கக்கூடிய ரயில்களையும் சேர்த்து, அதைவிட அதிகமாக ரயில்களை வைத்துக்கொண்டால் எந்தச் சரக்குக்கும் ஒரு வெற்று ரயில் மீதமிருக்கும். அல்லது, இறக்கு நிலையத்தில் இடம் இருந்தால் மட்டுமே ஏற்று நிலையம் திறக்கும்படி ரேடார் வழியாகச் சர்க்யூட் செய்தி அனுப்பலாம், 2.0 இல் ரேடார்கள் கம்பியின்றியே ஒன்றோடொன்று செய்தியைப் பகிர்கின்றன. நான் இரண்டாவது வழியில் இருக்கிறேன்.

#17 பெல்ட்டுக்கட்சி

அமைதியாகப் படித்து வந்தேன். அவுட்டர், கொட்டகை, காத்திருப்புத் தடம், வரம்பு, ரேடார் செய்தி என்று, ரயில் எங்கே நிற்கும் என்பதைப் பற்றித்தான் இந்த இழையில் பாதிக்கு மேல் எழுதப்பட்டிருக்கிறது. எப்படி ஓடும் என்பதைப் பற்றி மூன்றாம்தண்டவாளம் எழுதிய ஒரு வரியைத் தவிர எதுவும் இல்லை.

#18 அவுட்டர்சிக்னல்

நீங்கள் கிண்டலாகச் சொன்னாலும் அதுதான் உண்மை, இதைவிடத் தெளிவாக நானும் சொல்லியிருக்க மாட்டேன். பெல்ட்டில் சரக்கு நிற்கும் இடத்தை நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. பெல்ட்டே அந்த இடம், ஒரு கிலோமீட்டருக்கு 8000. ரயிலில் அந்த இடத்தை நீங்களே வரைந்து கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ரயில் தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் சந்திப்பின் நடுவாக இருக்கும். கரித்தூள் அவர்கள் சந்தித்த எல்லாச் சிக்கல்களும், சிக்னலை இடம் மாற்றி நட்டதைத் தவிர, இந்த ஒரே வகையைச் சேர்ந்தவை.

#19 கரித்தூள்

வரம்பும் காம்பினேட்டரும் வைத்துவிட்டேன். ஏற்று நிலையங்களில் ஒரு ரயில் நிற்கவும் ஒன்று காத்திருக்கவும் தடம் கட்டி, விடை 2 ஐத் தாண்டாதபடி செய்தேன். செம்புத்தகடு அவர்களின் முறையை இப்போதைக்கு எடுக்கவில்லை. மூன்று சரக்குக்குத் தனித்தனி குழு போதுமென்று தோன்றுகிறது.

முதன்மைப் பாதை இன்று காலை மறுபடியும் நின்றது. சிக்னல்களை ஒரு மணி நேரம் சோதித்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில் பார்த்தால், இரும்பு ரயில் ஒன்றின் எஞ்சினில் நிலக்கரி தீர்ந்து நட்டநடுப் பாதையில் நின்றிருந்தது. இறக்கு நிலையத்தில் எஞ்சினுக்குக் கரி போடும் இன்செர்ட்டரை வைத்திருந்தேன்தான், ஆனால் அந்தக் கரி அதே பாதையில் வரும் நிலக்கரி ரயிலிலிருந்து வருகிறது. அந்த ரயில், நின்றுபோன இரும்பு ரயிலுக்குப் பின்னால் காத்திருக்கிறது. கையில் கரியோடு அதனருகில் ஓடிப்போய் எஞ்சினில் போட்டதும் அது கிளம்பியது. நான் நின்றிருந்தது பக்கத்துத் தண்டவாளத்தின் மேல். எதிர்த்திசையில் வந்த செம்பு ரயில் என்னைக் கொன்றுவிட்டது, அதற்கு ஒரு சாதனைப் பதக்கமும் கிடைத்தது.

#20 மூன்றாம்தண்டவாளம்

பதக்கத்துக்கு வாழ்த்துகள், எங்கள் எல்லாரிடமும் அது இருக்கிறது.

எரிபொருள் கணக்கு இது: எஞ்சின் 600 கிலோவாட் இழுக்கிறது, மூன்று இடங்களில் 150 நிலக்கரி கொள்கிறது, நிலக்கரி ஒன்று 4 மெகாஜூல். முழுவதும் நிரம்பியிருந்தால் 1000 நொடிகள் முழு வேகமுடுக்கத்தில் ஓடலாம். திட எரிபொருள் ஒன்று 12 மெகாஜூல் என்பதால் அதே இடத்தில் மூன்று மடங்கு நேரம் கிடைக்கும், முடுக்கமும் 20 விழுக்காடு கூடும். எண்ணெய் சுத்திகரிப்பு உங்களிடம் இருந்தால் இன்றே மாறிவிடுங்கள். எரிபொருள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இறங்கினால் நிரப்பு நிலையத்துக்குப் போகும்படி ஒரு குறுக்கீடும் எழுதி வையுங்கள். நிரப்பு நிலையத்துக்கு வரும் எரிபொருளைத் தயவுசெய்து ரயிலில் கொண்டுவராதீர்கள்.

#21 கரித்தூள்

வேறு எதில் கொண்டுவருவது?

#22 பெல்ட்டுக்கட்சி

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 140 கட்டம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மஞ்சள் பெல்ட், 210 தகடுகள். வரைபடத்தை அனுப்புங்கள், நானே வரைந்து தருகிறேன்.